ஒன்பது பெரிய பீரங்கியும் நூற்றைம்பது சின்னத் துப்பாக்கியும்

அக்கா மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஜப்பானின் யமாடோ கப்பலின் பிளாஸ்டிக் மாடல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்துவிடுகிறான். எழுநூறில் ஒரு பங்கு அளவு, ஒரு முழம்கூட வராது. அந்த ஒன்பது பெரிய பீரங்கிகளையும் முதல் நாள் சாயங்காலமே ஒட்டி முடித்துவிட்டான். அப்புறம்தான் ஆரம்பித்தது வினை. எள்ளுருண்டையிலிருந்து உதிர்ந்த எள் மாதிரி விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள். இடுக்கியால் ஒன்றை எடுத்து, நுனியில் பசை தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைக்க வேண்டும். தும்மினால் போச்சு. அதற்கே மூன்று ஞாயிறு போய்விட்டது. கடுப்பில் கேட்டான்: "மாமா, இவ்ளோ பெரிய கப்பலுக்கு எதுக்கு இத்தனை குட்டித் துப்பாக்கி?"

சரியான கேள்வி. 1941 டிசம்பரில் யமாடோ கடற்படையில் சேர்ந்தபோது அந்தச் சின்னத் துப்பாக்கிகள் 24தான். 1945 ஏப்ரலில் மூழ்கும்போது சுமார் 150. இடம் போதாமல் நடுவில் இருந்த இரண்டு பீரங்கி மேடைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு அங்கேயும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைத்தான் நட்டார்கள். அவன் மேசையில் இருப்பது பயந்துபோன ஒரு கப்பலின் கடைசிக் கோலம். முள்ளம்பன்றி மாதிரி.

தமிழில் எல்லாவற்றையும் 'போர்க்கப்பல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நான் சொல்வது பேட்டில்ஷிப்பை மட்டும். மிகப் பெரிய பீரங்கி, மிகத் தடித்த கவசம், தன்னைப் போலவே இன்னொன்றை எதிரே நிறுத்திச் சுடுவதற்கென்றே கட்டியது. அதை விமானம் கொன்றது என்று பள்ளிப் புத்தகத்திலிருந்து யூடியூப் வரை சொல்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் விமானம் வருவதற்கு முன்பே அதற்கு நோய் பிடித்துவிட்டது என்பது என் கட்சி. கட்டக் கட்ட விலை ஏறியது. விலை ஏற ஏற வெளியே அனுப்பப் பயம் வந்தது. நாட்டைக் காக்க வந்த கப்பலை நாடே காக்க வேண்டியதாகிவிட்டது.

1906-ல் பிரிட்டன் டிரெட்நாட்டைக் கட்டியது. 12 அங்குலப் பீரங்கி பத்து, நீராவி டர்பைன், 21 நாட், அதாவது மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர் வேகம். அது மிதந்த நாளிலிருந்து உலகத்தின் மற்ற பேட்டில்ஷிப்புகள் எல்லாம் பழசாகிவிட்டன, பிரிட்டனுடையதும் சேர்த்து. ஜெர்மனி போட்டிக்கு இறங்கியது. 1909-ல் லண்டனில் "எட்டு வேண்டும், காத்திருக்க மாட்டோம்" என்று கோஷம் போட்டார்கள். எட்டு என்றது பேட்டில்ஷிப்பை, ஏதோ ரேஷன் கேட்பது மாதிரி.

1914 செப்டம்பர் 22 நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தேதி. அன்று ராத்திரிதான் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. 'அவன் எம்டன்டா' என்று இன்னமும் சொல்கிறோம். எம்டன் குரூசர் என்ற சின்ன வகைக் கப்பல்தான், பேட்டில்ஷிப் இல்லை. ஆனால் அதே நாள் காலையில் வடகடலில் நடந்தது அதைவிடப் பெரிய சேதி. சுமார் 500 டன் எடையுள்ள யு-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, ஒவ்வொன்றும் 12,000 டன் இருந்த மூன்று பிரிட்டிஷ் கவசக் குரூசர்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் மூழ்கடித்தது. சுமார் 1,450 பேர் செத்தார்கள். முதல் கப்பலுக்கு உதவப் போய் இரண்டாவது, இரண்டாவதுக்கு உதவப் போய் மூன்றாவது.

அந்த நீர்மூழ்கியின் தலைவர் ஓட்டோ வெடிகன். அடுத்த மார்ச்சில் வேறொரு நீர்மூழ்கியில் போனபோது ஒரு பிரிட்டிஷ் கப்பல் மோதி அழித்தது, அவரும் போனார். மோதியது யார் தெரியுமா? டிரெட்நாட். உலகத்தையே பீரங்கிப் போட்டிக்கு இழுத்துவிட்ட அந்தக் கப்பல் முதல் உலகப்போரில் மூழ்கடித்த ஒரே எதிரிக் கப்பல் அதுதான், அதுவும் முட்டி மோதி. 1916-ல் டென்மார்க் அருகே ஜட்லாந்தில் பிரிட்டன், ஜெர்மனி இரு தரப்பிலும் சேர்த்து 250 கப்பல்கள் மோதிக்கொண்டபோது டிரெட்நாட் பழுதுபார்ப்பில் கிடந்தது.

ஜட்லாந்தில் பிரிட்டிஷ் படைத்தலைவர் ஜெல்லிகோ தண்ணீருக்குள் பாய்ந்து வரும் குண்டான எதிரியின் டார்பிடோவுக்குப் பயந்து விலகித் திரும்பினார் என்று நூறு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ அவர்மேல் பரிதாபம்தான். ஒரே மதியத்தில் போரையே தோற்றுவிடக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான் என்று சர்ச்சில் பின்னாளில் எழுதினார். அப்படிப்பட்டதைக் கையில் கொடுத்துவிட்டு, துணிச்சலாக விளையாடு என்றால் எப்படி? ஜெர்மன் பக்கம் இன்னும் மோசம். பெரும்பாலும் துறைமுகத்திலேயே கிடந்தார்கள். 1918-ல் அந்தக் கப்பல்களின் மாலுமிகளே கலகம் செய்தார்கள். தோற்றபின் பிரிட்டன் பிடித்து வைத்திருந்த ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃபுளோவில் 1919 ஜூனில் தங்கள் கையாலேயே கப்பல்களை மூழ்கடித்தார்கள்.

இனி யமாடோ. முழுச் சுமையில் சுமார் 72,000 டன். 46 சென்டிமீட்டர் பீரங்கி, ஒரு குண்டு சுமார் 1,460 கிலோ, 42 கிலோமீட்டர் போகும். பீரங்கியின் அளவு வெளியே தெரியக்கூடாது என்று ஏட்டில் '40 சென்டிமீட்டர்' என்று எழுதினார்கள். எதிரி பயப்படுவதற்காகக் கட்டிய பொருளை எதிரிக்கே தெரியாமல் மறைத்து வைத்தார்கள்! இதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும்.

எங்கள் பாட்டியிடம் ஒரு கல்யாணப் பட்டு இருந்தது. நல்ல விசேஷம் வரட்டும் வரட்டும் என்று பீரோவிலேயே வைத்திருந்தார். கடைசியில் பிரித்தபோது சரிகை மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருந்தது. யமாடோவும் அப்படித்தான். 1942 ஆகஸ்டிலிருந்து 1943 மே வரை பசிபிக்கில் ட்ரக் தீவில் நங்கூரம் போட்டுக் கிடந்தது. தெற்கே குவாடல்கனால் தீவில் அப்போது அமெரிக்காவோடு நாளுக்கொரு சண்டை. அங்கே முதல் உலகப்போர்க் காலத்துக் கிழட்டுக் கப்பல் கிரிஷிமாவை அனுப்பினார்கள், 1942 நவம்பரில் அமெரிக்கப் பேட்டில்ஷிப் வாஷிங்டன் அதைச் சுட்டு மூழ்கடித்தது. யமாடோவை அனுப்பவில்லை. எண்ணெய்ப் பஞ்சமும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒன்று மட்டும்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். குளிர்சாதன வசதி, நல்ல சாப்பாடு. மற்ற கப்பல் மாலுமிகள் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் 'ஓட்டல் யமாடோ'.

எதிரிக் கப்பல்மேல் அதன் பெரிய பீரங்கிகள் சுட்டது ஒரே ஒரு நாள். 1944 அக்டோபர் 25, பிலிப்பைன்சில் சமார் தீவுக்கு அருகே. எதிரே இருந்தவை அமெரிக்காவின், சரக்குக் கப்பல் மாதிரி உடம்பு கொண்ட சின்ன விமானந்தாங்கிகளும் சில நாசகாரிகளும். நாசகாரி என்பது யமாடோவின் ஒரு பீரங்கிக் கோபுரத்தின் எடைதான் இருக்கும். அவை புகைத்திரை போட்டுக்கொண்டு நேராகப் பாய்ந்து வந்து டார்பிடோக்களை விட்டன. இரண்டு பக்கமும் டார்பிடோ ஓட, நடுவில் மாட்டிக்கொண்ட யமாடோ திரும்பமுடியாமல் பத்து நிமிடம் சண்டைக்கு எதிர்த்திசையில் ஓடியது. மறுபடி வந்து சேர்வதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது.

அதே நாள் விடிவதற்கு முன், தெற்கே சுரிகாவ் நீரிணையில் பேட்டில்ஷிப்போடு பேட்டில்ஷிப் மோதிய கடைசிச் சண்டை நடந்தது. அமெரிக்கா பக்கம் ஆறு, எல்லாம் பழசு. அதில் ஐந்து பேர்ல் ஹார்பர் தாக்குதலின்போது அங்கே இருந்தவை. வெஸ்ட் வர்ஜீனியாவும் கலிபோர்னியாவும் அங்கே மூழ்கி, சேற்றிலிருந்து தூக்கிச் சரிசெய்யப்பட்டவை. ஒருமுறை செத்துப் பிழைத்த கப்பலைப் பற்றி யாருக்கும் பதற்றம் இல்லை. கரையைச் சுடு என்றால் சுடும், காவலுக்கு நில் என்றால் நிற்கும். உபயோகப்பட்டது அவைதான்.

இங்கே ஒரு நண்பர் டிர்பிட்ஸை இழுப்பார், தெரியும். ஜெர்மனியின் அந்தக் கப்பல் நார்வேயில் சும்மா கிடந்தே வேலை செய்தது என்பார். நியாயம்தான். 1942 ஜூலையில் அது வருகிறது என்ற பயத்திலேயே ரஷ்யாவுக்குப் போன சரக்குக் கப்பல் கூட்டத்தைக் கலைந்து ஓடச் சொன்னது லண்டன். 35-ல் 24 போயின. ஆனால் மூழ்கடித்தவை நீர்மூழ்கிகளும் விமானங்களும். டிர்பிட்ஸ் அதில் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

சிங்கப்பூரிலிருந்து போன பிரிட்டிஷ் கப்பல்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும் 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தான் அருகே விமானத் தாக்குதலில் மூழ்கிய கதை பலருக்குத் தெரியும். 840 பேர் செத்தார்கள். ஜப்பான் இழந்தது மூன்றே விமானம். அந்தப் பாடத்தை உலகத்துக்கு நடத்தியது ஜப்பானே. யமாடோ கடற்படையில் சேர்ந்தது அதற்கு ஆறு நாள் கழித்து.

1945 ஏப்ரல் 6. ஒகினாவாவில் அமெரிக்கர்கள் இறங்கிவிட்டார்கள். இப்போதுதான் பீரோவைத் திறந்தார்கள். ஒகினாவா போய்க் கரையில் முட்டி நின்று கோட்டை மாதிரி சுட்டுச் சாக வேண்டும், அதுதான் திட்டம். விமானப் பாதுகாப்பு கிடையாது. புதிதாக வந்திருந்த பயிற்சி மாணவர்களைக் கரையில் இறக்கிவிட்டுப் புறப்பட்டது. மறுநாள் மதியம் அலை அலையாக விமானங்கள் வந்தன. அதன் தங்கைக் கப்பல் முசாஷியை ஆறு மாதம் முன்பு இரண்டு பக்கமும் அடித்து நேரம் வீணானதால், இந்த முறை டார்பிடோவைப் பெரும்பாலும் இடது பக்கமாகவே போட்டார்கள். அந்த நூற்றைம்பது சின்னத் துப்பாக்கிகளும் சுட்டன. விமானத்தை நோக்கிப் பெரிய பீரங்கிகளையே சுட்டுப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் தாங்கவில்லை. கவிழ்ந்து வெடித்தது. அதில் இருந்த சுமார் 3,300 பேரில் பிழைத்தவர்கள் 300 பேர்கூட இல்லை. அமெரிக்கா இழந்தது பத்து விமானம், பன்னிரண்டு ஆட்கள்.

இதையெல்லாம் அவனிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. பாதியிலேயே கவனம் இடுக்கிக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, இன்னும் பதினாலு பாக்கி இருக்கு. ஒட்டாம விட்டா யாருக்காவது தெரியுமா?" என்றான். தெரியாது, விட்டுடு என்றேன். விடவில்லை. விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தான்.