மோட்டாருக்கு நூறு வெள்ளி, சுவிட்சுக்குப் பத்துக் காசா?

மறுபடியும் ஒரு டைகர், ரிமோட்ல ஓடற பொம்மை டாங்கி. மறுபடியும் அதே உருகின சுவிட்ச். இன்னும் எத்தனை தடவைதான் சொல்றது?

நேத்து ராத்திரி மேசைமேல மல்லாந்து கிடக்குது, 1/16 அளவு டாங்கி. 480 மோட்டார் ரெண்டு, ஸ்டீல் கியர்பாக்ஸ், உலோக டிராக், எல்லாம் புத்தம் புதுசு. வயித்துப் பக்கம் இருக்கிற சின்ன ஸ்லைட் சுவிட்ச் மட்டும் பெட்டியோட வந்த அதே பழசு. அதைவிடச் சின்ன, பழைய 380 மோட்டாருக்கே திணறிக்கிட்டிருந்த சுவிட்ச் அது!

நடந்தது இதுதான். புளோக் கீழே சிமெண்டுத் தரையில நேரா ஓட்டினப்போ ஒரு குறையும் இல்ல. டாங்கிக்குச் சொந்தக்காரங்க அதை வீட்டுக்குள்ள கார்ப்பெட்டுல ஏத்தி, நின்ன இடத்திலேயே சுத்த விட்டிருக்காங்க. முதல் சுத்து சரி. ரெண்டாவது சுத்துல ஒரு நொடி எல்லாம் செத்துப்போய், எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற சத்தம் முதல்லேருந்து வந்திருக்கு. அதுதான் எச்சரிக்கை. சுவிட்சிலேயே வோல்டேஜ் விழுந்து டாங்கியை இயக்குற எலக்ட்ரானிக் போர்டு மயங்கி எழுந்திருக்கு. அதை ரிமோட் கோளாறுன்னு நினைச்சு, ரிமோட்டை அணைச்சுப் போட்டு, திரும்பவும் சுத்த விட்டிருக்காங்க. மூணாவது சுத்துல நாத்தம். பதறிப்போய் ஆஃப் பக்கம் தள்ளினா குமிழ் மட்டும் கையோட வருது. பிளாஸ்டிக் இளகிடுச்சு, உள்ளே இருக்கிற தகடு ஆன் பக்கத்திலேயே ஒட்டிக்கிச்சு. சரி, பேட்டரியைப் பிடுங்கலாம்னா பேட்டரி எங்கே? பெரிய பேட்டரி வேணும்னு அதைத் தூக்கி மேல்மூடிக்குள்ள வச்சு நாலு திருகு போட்டு அடைச்சாச்சு. ரெண்டு திருகு டரெட்டுக்கு, அதாவது மேல சுழலற பீரங்கிக் கூண்டுக்கு, அடியில. டரெட்டைத் திருப்பினாத்தான் தெரியும். மூணாவது திருகு வர்றதுக்குள்ள சிவப்பு வயரோட தோல் பழுப்பாகிப் போச்சு. பக்கத்துல லித்தியம் பேட்டரி! கொஞ்சமாவது பயம் வேண்டாமா?

இவ்வளவுக்கும் இந்த மோட்டார், கியர்பாக்ஸ் கிட்டு வித்த கடையில கேட்டுத்தான் போட்டிருக்காங்க. "சுவிட்ச் மாத்தணுமா?" "வேண்டாம் அண்ணே, அப்படியே சொருகிடலாம்." அப்படியே சொருகினதோட லட்சணம்தான் மேசைமேல கிடக்கு.

மோட்டாரை மாத்தினா வேகம் மட்டுமா மாறுது? கரண்ட் மாறுது. புது மோட்டாரோட சுருள் தடை 0.5 ஓம், பேட்டரி 7.4 வோல்ட்னு வைங்க. மோட்டார் நின்னுபோன நிலையில கணக்குப்படி 14.8 ஆம்பியர். ரெண்டு மோட்டார்னா 30 பக்கம். வயர் தடை, பேட்டரி தளர்வு எல்லாம் கழிச்சாலும் பயப்பட வேண்டிய அளவுதான். எங்க டாங்கி எங்கேயும் முட்டி நிக்கறதில்லையேன்னு சொல்லாதீங்க. ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் மோட்டார் நின்ன நிலையிலேருந்துதான் கிளம்புது. நின்ன இடத்துல சுத்தறப்போ ஒரு டிராக் முன்னாடி, ஒண்ணு பின்னாடி, அடியில கார்ப்பெட் இழுத்துப் பிடிக்குது. டாங்கிக்கு அதைவிடப் பெரிய பாரம் கிடையாது.

அந்தச் சுவிட்சோட பக்கவாட்டுல பொடி எழுத்துல 3 ஆம்பியர்னு இருக்கும். அதுக்குப் பக்கத்துல 125 வோல்ட் ஏசின்னும் இருக்கும், அதை யாரும் படிக்கிறதில்ல. இந்த மாதிரிச் சின்ன சுவிட்சுக்கு டிசியில பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் கணக்கு. இதைச் சொன்னா உடனே முனைக்கு நடுவுல பொறி பறக்கும், ஆர்க், ஆர்க்னு ஆரம்பிச்சுடுவாங்க. 7.4 வோல்ட்ல ஆர்க் பெரிய எதிரி இல்ல. தொடுமுனையோட தடைதான் எதிரி. தேய்ஞ்சு கறுத்த முனை 0.05 ஓம்னு வைங்க. 10 ஆம்பியர் போனா 5 வாட் சூடு, விரல் நுனி அளவு பிளாஸ்டிக்குக்குள்ள. கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. போதாக்குறைக்கு, ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் போர்டுல இருக்கிற கெப்பாசிட்டர் ஒரே மூச்சுல கரண்டை இழுத்து முனையைப் பொரிச்சுவிடும். நம்ம ஊர் ஈரப்பதத்துல சும்மா கிடந்தாலே முனை கறுக்கும்.

இதுக்கு வைத்தியம் சொல்றேன்னு வர்றவங்க இன்னொரு தலைவலி. ஒருத்தர், சுவிட்சுல ரெண்டு வரிசைக் கால் இருக்கே, ரெண்டையும் சேர்த்து ஈயம் வச்சு ஒட்டினா டபுள் ஆம்பியர் தாங்கும்ங்கிறார். தாங்காது! ரெண்டு முனையும் ஒரே நேரத்துல மூடாது, ஒரே நேரத்துல திறக்காது. முந்தி மூடறதும் பிந்தித் திறக்கறதும் மொத்த அடியையும் வாங்கும். இன்னொருத்தர் கார் ரிலே, அதாவது காந்தத்தால மூடற சுவிட்ச், போடச் சொல்றார். 12 வோல்ட் ரிலே இழுக்கவே 7, 8 வோல்ட், சிலதுக்கு 9 வோல்ட்கூட வேணும். 7.4-ல அது அசையுமான்னே சந்தேகம். தப்பித் தவறி இழுத்தாலும், பேட்டரி தளர்ந்தப்புறம் அடுத்த தடவை ஆன் பண்றப்போ இழுக்காம போகலாம்.

ஒழுங்கா செய்ய ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, 12 வோல்ட் டிசி 20 ஆம்பியர்னு தெளிவா எழுதின டாகிள் சுவிட்ச். வயித்துல ஓட்டை போடணும், அவ்வளவுதான்.

ரெண்டாவது வழிதான் நல்ல வழி: மாஸ்ஃபெட், அதாவது தொடுமுனையே இல்லாத எலக்ட்ரானிக் சுவிட்ச். சிம் லிம் டவர்ல ஏறி இறங்கினா கிடைக்கிற சாமான். ஐஆர்எல்இசட்44என் கேளுங்க. நடுவுல 'எல்' முக்கியம். ஐஆர்எஃப்இசட்44என் கொடுத்து ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னா வாங்காதீங்க. 'எல்' போட்டது 'கேட்'ங்கிற கட்டுப்பாட்டுக் கால்ல 5 வோல்ட் வந்தாலே திறக்கும், 'எஃப்' 10 வோல்ட்டுக்குக் கணக்கிட்டது. எழுத்து நம்மளைப் பார்க்கிற மாதிரிப் பிடிச்சா கால்கள் இடமிருந்து வலம் கேட், டிரெயின், சோர்ஸ். பேட்டரி நெகட்டிவ் சோர்ஸுக்கு. போர்டு நெகட்டிவ் டிரெயினுக்கு. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவுல 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். பேட்டரி பாசிட்டிவ்லேருந்து அந்தப் பழைய ஸ்லைட் சுவிட்ச் வழியா, 100 ஓம் ஒண்ணு போட்டு, கேட்டுக்கு. முடிஞ்சுது. இப்போ பழைய சுவிட்ச் சுமக்கிறது ஒரு மில்லி ஆம்பியர்கூட இல்ல. வயித்துல ஓட்டையும் வேண்டாம். 10 ஆம்பியர்ல மாஸ்ஃபெட்டுக்குள்ள 2 வாட்டுக்குக் கொஞ்சம் மேல சூடு வரும். அதனால ரெண்டு மாஸ்ஃபெட்டைப் பக்கம் பக்கமா இணைங்க, ஆளுக்கு அரை வாட்டுக்குச் சற்று மேல, கை வச்சுப் பார்க்கலாம். சுவிட்சுக்கு ஆகாத அந்த இணைப்பு மாஸ்ஃபெட்டுக்கு ஆகும். ஒண்ணு சூடானா அதோட தடை ஏறி, கரண்ட் அடுத்ததுக்குப் போயிடும்.

அதுலயும் கோட்டை விடறாங்க. முதுகுத் தகடு டிரெயினோட சேர்ந்தது. உலோக அடித்தளத்துல அப்படியே திருகி வச்சு, அதே தளத்தை பேட்டரி நெகட்டிவ் வயர் எங்கேயாவது தொட்டா, சுவிட்ச் இருந்தும் இல்லாத மாதிரி. மைக்கா தகடு போடுங்க, இல்ல ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூட்டுல சுருங்கற குழாய், சுத்துங்க. போர்டு பக்கத்து நெகட்டிவ் வயர் ஒண்ணுகூட நேரா பேட்டரிக்குப் போகக் கூடாது. பேட்டரியைத் தலைகீழாச் சொருகினா மாஸ்ஃபெட் காப்பாத்தாது, உள்ளே இருக்கிற டயோடு வழியா ரிவர்ஸ்ல ஓடி போர்டைக் கொல்லும்.

பேட்டரி பாசிட்டிவ்ல, பேட்டரியை ஒட்டி, 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ். இது இல்லாம மூடியை மூடாதீங்க. வெள்ளைப் பிளாஸ்டிக் சொருகியைத் தூக்கிப் போட்டுட்டு எக்ஸ்டி60 சொருகி. வயர் 18 கேஜ் சிலிகோன். வாங்குறப்போ முனையை வெட்டிப் பாருங்க, தடிச்ச தோலுக்குள்ள நூல் மாதிரி செம்பை வச்சு 18-ன்னு விக்கிறாங்க. சில சமயம் அது செம்பே இல்ல, செம்பு பூசின அலுமினியம். கத்தியால சுரண்டினா உள்ளே வெள்ளை தெரியும்.

நூறு வெள்ளி வாங்குற கிட்டுல ஒரு ஃபியூஸ், ஒரு நல்ல சுவிட்ச், "இதையும் மாத்துங்க"ன்னு தாள்ல ஒரு வரி. இது வைக்க முடியாதா? ஆறு மாசமா கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது.

அந்த டைகருக்கு ஆர்டர் போட்ட டாகிள் சுவிட்சாவது வந்துதான்னா அதுவும் இல்ல. "டெலிவரி ஆச்சு"ன்னு போன்ல படம் வந்திருக்கு. படத்துல பச்சைக் கதவு, வாசல்ல மூணு சைக்கிள், நீலக் கலர் செருப்பு அலமாரி. இந்த மாடியில யார் வீட்டுக் கதவும் பச்சை இல்ல. பெல் அடிக்க என்ன கேடு? நாள் பூரா வீட்டுலதானே உட்கார்ந்திருந்தோம்!