ரீசார்ஜ் கடை நோட்டும் அந்தக் கைதட்டலும்

நேத்து சாயங்காலம் ஒன்பதாவது படிக்கிற அக்கா பையனைக் கூட்டிட்டு ஒரு காதல் காமெடிப் படத்துக்குப் போனேன். இன்னும் ஆத்திரம் அடங்கலை.

கதாநாயகி ரீசார்ஜ் கடையில நம்பரைச் சொல்லிட்டுப் போறா. ஹீரோவோட நண்பன் கடைக்காரனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அந்த நம்பரைக் கறந்துடறான். தியேட்டரே கைதட்டுது! ஹீரோ கூப்பிடறான். கட் பண்றா. மறுபடி கூப்பிடறான். திட்டறா, இவன் சிரிக்கிறான். பிளாக் பண்றா, நண்பன் போன்லேர்ந்து கூப்பிடறான். பஸ் ஸ்டாப், காலேஜ் வாசல், கோயில், கடைசியில அவ வீட்டுத் தெருமுனை. மூஞ்சிக்கு நேரா "எனக்கு உன்னைப் பிடிக்கலை"ன்னு சொல்றா. நண்பன் தோள்ல தட்டி, "திட்டறான்னாலே ஓகே ஆயிடுச்சு மச்சான்"ங்கறான். உடனே பனிமலையில டூயட்.

பக்கத்துல இருந்தவன் என் காதுல, "சித்தி, அந்த அக்காவுக்கு உள்ளுக்குள்ள பிடிச்சிருக்கு"ன்னான். பகீர்னு ஆயிடுச்சு.

நான் காலேஜ் படிச்சப்ப எங்க தெரு ரீசார்ஜ் கடையிலயும் ஒரு நோட்டு இருந்துச்சு. நூல்ல கட்டின பேனா. நம்பரை நாமளே எழுதணும். பத்து ரூபாய்க்கு டாப்அப் போட்ட அன்னிக்கு ராத்திரியே மிஸ்டு கால். ஆறு மாசம் விடலை. அப்பா என்னைத்தான் கேட்டார், "யாரு அது?"ன்னு. சிம்மை மாத்தினேன். அதுக்கப்புறம் சுரண்டற ரீசார்ஜ் கூப்பன் மட்டும்தான், யார்கிட்டயும் நம்பர் சொல்ல வேண்டாம். இந்த மாதிரித் தொல்லையைப் பார்த்தா கைதட்டறீங்க?

பிடிக்கலைன்னு தெளிவா காட்டின பிறகும் ஒரு பொண்ணை விடாம பின்தொடர்ந்து பேசப் பார்க்கிறது குற்றம்னு 2013-லயே சட்டம் வந்தாச்சு. அப்ப இந்திய தண்டனைச் சட்டத்துல 354டி பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில 78-வது பிரிவு. முதல் தடவைக்கு 3 வருஷம் வரை ஜெயில், மறுபடி செஞ்சா 5 வருஷம் வரை. இந்தப் படத்துல அதே வேலைக்குப் பொண்ணே பரிசு!

கிளைமாக்ஸ் ஏர்போர்ட்தான், வேற எங்க? டிக்கெட் இல்லாதவனை வாசல்லயே பாதுகாப்புக்கு நிக்கிற சிஐஎஸ்எஃப் படை நிறுத்தும், இவன் நேரா உள்ளே ஓடறான். அதுகூடப் போகட்டும். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினவ பெட்டியைப் போட்டுட்டுத் திரும்பி ஓடி வர்றா. அந்த வேலைக்கு அவ எத்தனை இன்டர்வியூ ஏறி இறங்கியிருப்பா? அதுக்கு ஒரு வசனம்? கிடையாது.

வர்ற வழியில பால் வாங்க சூப்பர் மார்க்கெட்ல நின்னேன். "மொபைல் நம்பர் சொல்லுங்க மேடம்." பின்னாடி வரிசையில நாலு பசங்க. அரை லிட்டர் பாலுக்கு எதுக்குங்க என் நம்பர்? "நம்பர் இல்லாம பில் வராது மேடம், சத்தமா சொல்லுங்க."

பாக்கெட்டை அங்கேயே வெச்சுட்டு வந்துட்டேன். காலையில வீட்ல எல்லாருக்கும் கடுங்காப்பி.