'அவரு டினையல்ல இருக்காரு' என்று சொல்லும் முன்

குடியைப் பற்றிப் பேச்செடுத்தாலே இப்போது எல்லோரிடமும் ஒரு சொல் தயாராக இருக்கிறது: "அவரு டினையல்ல இருக்காருங்க." எஸ்டேட் லைன் வீட்டிலும் கேட்கிறது, குன்னூரில் படித்தவர்கள் வீட்டிலும் கேட்கிறது. டினையல் என்றால் மறுப்பு, தன் குடிப் பிரச்சினையை ஒத்துக்கொள்ளாத நிலை. சொன்னதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒத்துக்கொண்டால் அவர் குடிநோயாளி, ஒத்துக்கொள்ளாவிட்டால் டினையலில் இருக்கும் குடிநோயாளி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆள் மாட்டினார். அப்படி முத்திரை விழுந்தவர்கள் பலரிடம் இருப்பது டினையலே அல்ல என்பதுதான் என் வாதம். முத்திரை தப்பினால் வைத்தியமும் தப்பும்.

மனநல நூல்களில் இதற்கு ஒரு வரையறை இருக்கிறது. தாங்க முடியாத உண்மையை மனம் தன்னை அறியாமலே தள்ளிவைப்பது. 1936-இல் உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃபிராய்ட் மனதின் தற்காப்பு முறைகளைப் பற்றி எழுதியபோது இதையும் விவரித்தார். 1969-இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் சாவை எதிர்கொள்ளும் ஐந்து நிலைகளில் முதலாவதாக இதை வைத்த பிறகு சொல் தெருவுக்கு வந்தது. அவர் பேசியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி. அவர்களுக்கு அது அதிர்ச்சியைத் தாங்க உதவும் தற்காலிக ஏற்பாடு என்றார், குற்றம் என்று சொல்லவில்லை. கவனிக்க வேண்டியது 'தன்னை அறியாமல்' என்பதை. தெரிந்தே மறைத்தால் அதற்குப் பெயர் பொய்.

பொய்க்குக் காரணம் கேட்டால் கிடைத்துவிடும். வேலை போனால் லைன் வீடும் போகும், பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், சங்கத்தில் கடன் கேட்டிருக்கிறார். இத்தனையும் தலைக்கு மேல் இருக்கும்போது மைத்துனர் முன்னால் "ஆமா, தினம் குடிக்கிறேன்" என்று யார் சொல்வார்? தனியாக, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்ற உறுதியோடு கேட்டால் அதே மனிதர் சொல்கிறார்.

அடுத்தது, அளவே தெரியாதது. "கொஞ்சம்தான், ஒரு குவார்ட்டர்" என்பவர் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் அது ஒன்றுதான். 180 மி.லி., 42.8 சதவீதம் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் 77 மி.லி., எடையில் சுமார் 60 கிராம். 10 கிராமை ஓர் அலகு என்று வைத்தால் ஆறு அலகு. அதில் பாதியான 'கட்டிங்' என்றால் மூன்று. 650 மி.லி. ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் நான்கு. பீர் குடிப்பவர் "நான் ஹாட் (பிராந்தி, விஸ்கி) தொடுறதே இல்ல" என்று நிம்மதியாக இருப்பது இந்தக் கணக்கு தெரியாததால்.

எனவே "எவ்வளவு குடிக்கிறீங்க?" என்ற கேள்வியே வீண். காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் 2022 மே மாதம் நீலகிரியில்தான் முதலில் வந்தது, காட்டில் உடைந்த கண்ணாடி யானைக் காலைக் கிழிக்கக் கூடாது என்பதற்காக. அதைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்: "போன வாரம் எத்தனை பாட்டில் திருப்பிக் கொடுத்தீங்க?" காசுக் கணக்கு என்பதால் பதில் நேராக வரும். பிறகு நேற்றிலிருந்து பின்னோக்கி, சம்பள நாள் வரை, நாள் நாளாகக் கேட்டு எழுதுங்கள்.

மூன்றாவது நினைவு. "நேத்து ராத்திரி அண்ணிய அடிச்சியே" என்றால் "நான் அடிக்கவே இல்ல" என்று சத்தியம் செய்வார். வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் அந்த நேரத்தில் நடப்பதை மூளை பதிவே செய்யாது. பதிவாகாததை எப்படி ஒத்துக்கொள்வார்? அடித்தது அதனால் இல்லையென்றாகாது, பொறுப்பும் குறையாது. ஆனால் அது டினையல் அல்ல. பல ஆண்டு குடியும் தயமின் (வைட்டமின் பி1) குறைபாடும் சேர்ந்தால் நினைவின் ஓட்டையை மூளை கற்பனையால் நிரப்பும். அவருக்குத் தேவை மருத்துவர், வாக்குவாதம் அல்ல.

நம் மலைக்கே உரியது ஒன்று உண்டு: குளிர். "இந்தக் குளிருக்கு ரெண்டு ரவுண்டு போடலன்னா எப்படி?" இது சாக்கு. குடித்தால் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து மேலே சூடு தெரியும், உள்ளே உடம்பு வெப்பத்தை இழக்கும். ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தாவில் உறைபனி விழும் ராத்திரியில் குடித்துவிட்டு வழியில் படுப்பவர் விறைத்துப்போவது இதனால்தான். இதைவிட மோசம், காலையில் வரும் கை நடுக்கத்தைக் குளிரின் தலையில் போடுவது. குளிர் நடுக்கம் என்றால் தாடை அடிக்கும், உடம்பு குலுங்கும், அடுப்புப் பக்கம் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடித்தால் அடங்கும். குடி இறங்கும் நடுக்கம் விரல் நுனியில் தெரியும். கையை நீட்டச் சொல்லி மேலே ஒரு தாளை வைத்தால் தாள் ஆடும், கூடவே நெஞ்சு படபடக்கும். ஜனவரிக் காலையில் நெற்றியில் வியர்வை என்றால் அது குளிரா?

அப்படியானால் உண்மையான டினையல் எப்படி இருக்கும்? மஞ்சள் காமாலை வந்தது, ஆமாம். அது தண்ணி சரியில்லாததால். வேலை போனது, ஆமாம். அது மேஸ்திரிக்கு என்னைப் பிடிக்காததால். வலிப்பு வந்தது, ஆமாம். அது தூக்கம் கெட்டதால். ஒவ்வொன்றையும் ஒத்துக்கொள்வார், ஆனால் கூட்டிப் பார்க்க மாட்டார். ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்தால் அதையும் கவசமாக்குவார். அதிகம் குடிப்பவருக்கும் கல்லீரல் பரிசோதனை சரியாக வரலாம் என்பது தெரியாமல்.

இங்கேயும் நாம் கூட்டிக் காட்டக் கூடாது. உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-லேயே எழுதினார்: குடிப்பவரிடம் நாம் பார்க்கும் மறுப்பு அவர் சுபாவம் அல்ல, பெரும்பாலும் எதிரே இருப்பவர் பேசும் விதத்தில் உருவாவது. நாம் "நீ குடிகாரன்" என்று தள்ளினால் அவர் "இல்லை" என்று தள்ளுவார். தேதி ஒரு பக்கம், நடந்தது ஒரு பக்கம் என்று தாளில் அவரையே எழுதவிட்டு, அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கேள்வி: "குறைக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை?" நாலு என்றால் "ஏன் பத்து இல்ல?" என்று கேட்காதீர்கள். "ஏன் ரெண்டு இல்ல?" என்று கேளுங்கள். அப்போது குறைப்பதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வரும். நேரமும் முக்கியம்: போதையில் பேச வேண்டாம், கை நடுங்கும்போதும் வேண்டாம்.

டினையல் என்ற கோபத்தில் வீட்டார் செய்யும் இரண்டு காரியங்கள் ஆளைக் கொன்றுவிடலாம். ஒன்று, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மருந்து கலப்பது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோய் இருப்பவருக்கு உயிருக்கே ஆபத்து. தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுக்க வேண்டிய மாத்திரை அது. 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தும்' பொடி விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

இரண்டு, அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்துவது. தினமும் அதிகமாகக் குடித்தவருக்கு நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, இடம் காலம் புரியாமல் பிதற்றலாம். பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள், அது அவசரச் சிகிச்சை. பக்கத்து கிளினிக்கில் 'ஒரு குளுக்கோஸ்' போடுவதானாலும் இவர் குடிப்பவர் என்று முதலில் சொல்லிவிடுங்கள். தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

கூடலூர், பந்தலூர் பக்கமிருந்து உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்து வருபவர்கள் ஒரு சீட்டில் நான்கு விஷயம் எழுதிக் கொண்டுவாருங்கள்: கடைசியாக எப்போது குடித்தார், தினமும் எவ்வளவு, முன்பு வலிப்போ பிதற்றலோ வந்ததுண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். போனில் முதலில் பேச வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம்.