நாமா, நாங்களா?

சனிக்கிழமை மதியங்களில் ஒரு ஜப்பானியப் பெண்ணுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். டோக்கியோவில் மூன்றாம் ஆண்டு வரலாறு படிக்கிறாள். நிஷி கசாயில் நம் ஆட்கள் நடத்தும் மளிகைக் கடையில் ஒரு அப்பளக் கட்டின் மேலிருந்த எழுத்து பிடித்துப்போய்க் கற்றுக்கொள்ள வந்தவள். இங்கே தமிழ் பேசும் ஜப்பானியர் யார் கிடைத்தாலும் நம் அண்ணன்மார்கள் ஐந்தாவது நிமிடத்தில் சுசுமு ஓனோ பெயரை எடுத்துவிடுவார்கள். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்ற அவர் கருத்தைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பதுபோலத் தலையாட்டுவாள்.

இரண்டு மாதத்துக்கு முன் ‘நாம்’, ‘நாங்கள்’ பாடம் எடுத்தேன். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். ஜப்பானிய மொழியில் இரண்டுக்கும் ‘வதாஷிதாச்சி’ ஒன்றுதான். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, “அக்கா, அப்படியென்றால் ஹிரோஷிமாக் கல்லில் எதைப் போடுவீர்கள்?” என்றாள்.

ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் 1952-இல் வைத்த நினைவுச்சின்னத்தைச் சொல்கிறாள். ‘அமைதியாக உறங்குங்கள், தவறைத் திரும்பச் செய்ய...’ என்று போகும் வாக்கியம் அது. நான் புள்ளி வைத்து நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானிய வினைச்சொல் ஆள் காட்டாது. தவறு யாருடையது, திரும்பச் செய்யாமல் இருக்கப்போவது யார், எதுவும் அந்தக் கல்லில் இல்லை. அந்த ஆண்டே அங்கே போன நீதிபதி ராதாபினோத் பால் (டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் இந்தியாவிலிருந்து உட்கார்ந்தவர்) கடுப்பாகிவிட்டார். குண்டு போட்டது அமெரிக்கா, ஜப்பான்காரன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான் என்பது அவர் கேள்வி. வாசகத்தை எழுதிய பேராசிரியர் சாய்கா ததயோஷி, அவரே குண்டில் பிழைத்தவர், இது மனித குலம் முழுவதும் எடுக்கும் உறுதி என்றார். அதாவது பால் படித்தது ‘நாங்கள்’, சாய்கா எழுதியது ‘நாம்’.

தமிழாக இருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது என்று பெருமையாகச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துவிட்டு, “‘செய்யமாட்டோம்’ என்று மட்டும் எழுதினால்?” என்றாள். சரிதான். ‘ஓம்’ விகுதி இரண்டுக்கும் பொது. நாமும் தப்பித்துக்கொள்ளலாம்.

அந்தக் கல்லில் எழுவாய் இல்லாதது நல்லது என்பது அவள் கட்சி. பெயர் போட்டிருந்தால் பாதிப் பேர் அதன் முன்னால் தலைகுனிந்திருக்க மாட்டார்கள் என்கிறாள். எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. கும்பிட எல்லோருக்கும் இடம் கிடைத்தது உண்மை, ஆனால் பொறுப்பு ஏற்க ஆள் இல்லாமல் போனதே! நாகசாகியில் என்ன நடந்தது? குண்டு வெடித்த உரகாமிப் பகுதியில் 12,000 கத்தோலிக்கர் இருந்தார்கள், சுமார் 8,500 பேர் செத்தார்கள். அரசின் தடைக்குப் பயந்து இரண்டரை நூற்றாண்டு ஒளிந்து ஜெபம் சொன்னவர்களின் வாரிசுகள். 1945 நவம்பரில் இடிந்த தேவாலயத்தின் அருகே நடந்த பூசையில் மருத்துவர் நாகாய் தகாஷி, மனைவியைக் குண்டுக்குப் பறிகொடுத்தவர், இது கடவுளின் சித்தம், பழுதற்ற பலி என்று பேசினார். அந்த மக்களுக்கு அன்று அது ஆறுதலாக இருந்திருக்கும், குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் ஒரு ஊரில் எழுவாய் கிடையாது, இன்னொரு ஊரில் எழுவாய் கடவுள். 1981-இல் போப் இரண்டாம் ஜான் பால் ஹிரோஷிமாவில் நின்று, போர் மனிதனின் செயல் என்றார். கடவுள் மேல் விழுந்திருந்த பாரத்தை எடுத்து மனிதன் தலையில் வைத்தது அந்த ஒரு வரி. 2016-இல் ஒபாமா வந்தார். வானத்திலிருந்து மரணம் விழுந்தது என்றார். யாரும் போடவில்லை, தானாக விழுந்தது!

“என் பாட்டியும் ‘விழுந்த நாள்’ என்றுதான் சொல்வார்” என்றாள். அம்மா வழிப் பாட்டி நாகசாகிக்காரர். அவர் அப்படிச் சொல்வதும் ஒபாமா சொல்வதும் ஒன்றாகுமா என்று நான் கேட்டேன். பதில் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நாள் இருவரும் யசுகுனி ஆலயத்துக்குப் போனோம். அவள் அப்பா வழிக் கொள்ளுத்தாத்தா பர்மாவில் இறந்த சிப்பாய். போரில் இறந்த 24 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கே தெய்வமாக வைத்திருக்கிறார்கள். நடுகல் தெரிந்த நமக்கு அது விசித்திரமில்லை. ஆனால் 1978-இல் தலைமைப் போர்க்குற்றவாளிகள் 14 பேரையும் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டார்கள். ஜப்பானியப் படையில் சேர்க்கப்பட்டுச் செத்த கொரியர், தைவானியர் ஏறத்தாழ 50,000 பேரும் அதே பட்டியலில் இருக்கிறார்கள். எங்கள் ஆளை எடுத்துவிடுங்கள் என்று குடும்பத்தார் கேட்டும் ஆலயம் மறுத்துவிட்டது. கேட்காமலே ‘நாம்’ ஆக்கப்பட்டவர்கள். தனக்கு மதம் கிடையாது என்று எப்போதும் சொல்பவள் இவள். புத்தாண்டுக்குக் கோயில், சாவுக்குப் பௌத்தத் துறவி, ஆனால் மதம் மட்டும் இல்லை! 1995-இல் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கும்பல் சுரங்க ரயிலில் விஷவாயு விட்ட பிறகு மதம் என்ற சொல்லைக் கேட்டாலே பலரும் ஒதுங்குகிறார்கள். அன்று சன்னிதி முன் வழிபாட்டு முறைப்படி கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் குனிந்து மட்டும் வந்தாள்.

அதே வளாகத்தில் நம் ராதாபினோத் பாலுக்கு 2005-இல் கல் வைத்திருக்கிறார்கள். விசாரணையே செல்லாது என்று தீர்ப்பு எழுதியவர் என்பதால் இந்த மரியாதை. அட்டூழியங்கள் நடந்ததற்குச் சாட்சியம் குவிந்து கிடக்கிறது என்று அதே தீர்ப்பில் அவர் எழுதியதை யாரும் கல்லில் வெட்டுவதில்லை. “இந்தியர்கள் எல்லோரும் இவர் மாதிரித்தான் நினைக்கிறீர்களா?” என்று கேட்டாள். நான் யூஷூகான் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். முன்கூடத்திலேயே கறுப்பாகப் பளபளவென்று ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. சி56 ரகம், 31-ஆம் எண். சயாம் – பர்மா ரயில்பாதைத் திறப்பு விழாவில் ஓடியது.

415 கிலோமீட்டர் பாதை அது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். 12,000-க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் செத்தது அவளுக்குத் தெரியும். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பற்றிக் கேள்விப்பட்டதேயில்லை. கைதிகளுக்குக் கணக்கு வைத்தவர்கள் கூலிகளுக்கு வைக்கவில்லை. ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் வரை செத்ததாகச் சொல்கிறார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பால்மரக் காட்டுக்குப் போன என் தாத்தாவின் தம்பியும் அதில் ஒருவர். சயாமுக்கு ரயில் ஏற்றினார்கள் என்பதுவரைதான் எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

எஞ்சினுக்கு முன்னால் அவள் நெடுநேரம் நின்றாள். வெளியே வந்ததும் கேட்டாள், “உங்கள் ஊரில் ‘நாங்கள்’ என்று சொல்ல யோசிப்பது ஏதாவது உண்டா?” கீழவெண்மணி எங்கள் ஊரிலிருந்து ஒரு பேருந்துத் தூரம். 1968 டிசம்பர் 25, குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டவர்கள் 44 பேர். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘குடிசை எரிஞ்சுபோச்சு’ என்றுதான் பேசுவார்கள். எரிந்தது, எரித்தார்கள் இரண்டையும் சொல்லிக்காட்டினேன். “எங்களுக்கும் யகேரு, யகு என்று இருக்கிறது” என்றாள். சுசுமு ஓனோவை நினைத்துக்கொண்டேன்.

2024-இல் அணுகுண்டில் பிழைத்தவர்களின் அமைப்பான நிஹோன் ஹிதான்கியோவுக்கு அமைதி நோபல் கொடுத்தபோது, அதன் சார்பில் பேசிய தனாகா தெருமி ஆஸ்லோ மேடையிலேயே, செத்தவர்களுக்கு ஜப்பான் அரசு இழப்பீடே தரவில்லை என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னார். 92 வயதுக் கிழவருக்கு எழுவாய் தடுமாறவில்லை. அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் அந்த அரசு இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

போன சனிக்கிழமை வீட்டுப்பாடம் கொண்டுவந்தாள். ‘1943-இல் உங்கள் சின்னத் தாத்தாவை’ என்று எழுதி நிறுத்தியிருந்தாள். ‘ஷினாசேதா’வுக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டாள். ‘சாகவிட்டோம்’ என்றேன். எழுதினாள். பிறகு வாக்கியத்தின் தலைக்குப் போய் இருந்த கொஞ்ச இடத்தில் ‘நாஙகள்’ என்று நுணுக்கி எழுதி, பிழை இருக்கிறதா என்று நோட்டை என் பக்கம் திருப்பினாள். ‘ங’ மேல் புள்ளி வைத்துக் கொடுத்தேன்.