டால்டா 13: அது வனஸ்பதி கம்பெனி கொடுத்த பேர் இல்லைங்க

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவுக்கு டால்டா கம்பெனி ஸ்பான்சர் செய்தது, அதனால்தான் 'டால்டா 13' என்ற பெயரில் படம் போட்டார் என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். பேரைக் கேட்டால் எங்க வீட்டுப் பின்கட்டில் துளசி வைத்திருந்த அந்த மஞ்சள் டப்பாதான் எனக்கும் முதலில் ஞாபகம் வந்தது.

ஆனால் விஷயம் வேற. அவர் பிறந்தது 1913. பின்னால் கணவரான மானெக்ஷாவைச் சந்தித்தது 13 வயதில். முதல் கார் வாங்கினார், நம்பர் பிளேட் டி.எல்.டி 13. நம்ம வேலூர் வண்டிக்கு டிஎன் 23 வர்ற மாதிரி டெல்லியில் அது வந்தது. அதைச் சேர்த்துப் படித்தால் 'டால்டா'. அவ்வளவுதான். விளையாட்டாக வைத்துக்கொண்ட பேர். நேருவையும், டெல்லிக்கு வந்த எலிசபெத் ராணியையும், ஜாக்குலின் கென்னடியையும் படம் எடுத்தவருக்கு அந்தக் குறும்பும் இருந்திருக்கிறது.

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். விக்கிப்பீடியாவில் அவர் பக்கத்தைத் திறந்தால் இந்த மூன்று காரணமும் இருக்கும். அதோடு நிற்காமல் கீழே இருக்கிற மேற்கோள் சுட்டிகளையும் தட்டிப் பாருங்கள். 2012 ஜனவரியில் அவர் காலமானபோது வந்த இரங்கல் செய்திகளையும் தேடிப் படிக்கலாம்.

காட்பாடி ஸ்டுடியோ தம்பிகள் அந்த ஸ்பான்சர் கதையை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். முடிந்தால் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடுங்கள் அண்ணா, மற்றதெல்லாம் அருமையான பதிவு.