ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை, நீங்கள் வாங்கிய விளக்கை அல்ல

காரில் கூடுதல் விளக்கோ, பெரிய ஹாரனோ, டேஷ்கேமோ மாட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. கரண்ட் எங்கிருந்து எடுக்கிறார்கள், எவ்வளவு தடிமனான ஒயரில் போகிறது, எத்தனை ஆம்ப் ஃப்யூஸ், அது எந்த இடத்தில், எர்த், அதாவது கரண்ட் கார் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, எங்கே கொடுக்கிறார்கள்? இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்லத் தெரியாதவர், எவ்வளவு நல்ல பொருளை மாட்டினாலும் அதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

"வெறும் 12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்?" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் ஒயரைச் சூடாக்குவது அதில் ஓடும் ஆம்பியர். ஷார்ட் ஆனால் கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். மெல்லிய ஒயர் ஒன்று அதில் சிக்கினால், சில நொடிகளில் பழுத்து மேலே இருக்கும் பிளாஸ்டிக் எரிய ஆரம்பித்துவிடும். அந்த ஒயர் போவதோ கார்ப்பெட்டுக்கும் ஃபோமுக்கும் அடியில். கரண்ட் இரண்டு மடங்கானால் அதே ஒயரில் சூடு நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் ஃப்யூஸ். ஆனால் ஃப்யூஸ் இருப்பது விளக்கைக் காப்பாற்ற என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. ஒயர் எவ்வளவு தாங்குமோ அதற்குக் கீழேதான் ஃப்யூஸின் அளவு இருக்க வேண்டும். இடமும் முக்கியம்: பேட்டரியிலிருந்து நேராக லைன் எடுத்தால், பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் வந்துவிட வேண்டும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று டேஷ்போர்டுக்கு அடியில் ஃப்யூஸ் ஹோல்டரை வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. எஞ்சின் பக்கத்துத் தகரத்தில் ரப்பர் கிராமெட் (ஓட்டையின் விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையம்) இல்லாத ஓட்டை வழியாக அந்த ஒயர் நுழைந்தால், அதிர்வில் உரசி உரசி ஒரு நாள் தோல் கிழியும். அப்போது ஷார்ட் ஆவது ஃப்யூஸுக்கு முன்னால். ஃப்யூஸுக்கு அது தெரியவே தெரியாது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஒரு பழக்கத்தைப் பார்த்துத்தான். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்றால் பெரிய ஃப்யூஸ் போட்டு அனுப்பிவிடுவது! பிளேடு ஃப்யூஸ்களில் 10 ஆம்ப் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சளைச் செருகியவர் கோளாறைச் சரிசெய்யவில்லை, அதைச் சொல்லிக்கொண்டிருந்த வாயை அடைத்திருக்கிறார். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் ஒயர் இழையைச் சுற்றி வைப்பார்கள். அதைப் பற்றி எழுதினால் பதிவின் மொழி கெட்டுவிடும், விட்டுவிடுகிறேன்.

ஹெட்லைட்டுக்கு வருவோம். வழக்கமான எச்4 பல்ப் 60/55 வாட், அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. ஹை பீமில் இரண்டு பக்கத்து பல்பும் சேர்ந்து 120 வாட், சுமார் 10 ஆம்பியர். அதே இடத்தில் 100/90 வாட் போட்டால் ஹை பீமில் 200 வாட், ஏறக்குறைய 17 ஆம்பியர். கம்பெனி போட்ட ஒயரும் சுவிட்சும் கப்ளரும் (ஒயரை பல்போடு இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) அந்தக் கணக்குக்குச் செய்யப்பட்டவை அல்ல. கப்ளர் பழுப்பேறி உருகுவது இப்படித்தான். இதற்கு வழி ரிலே: உள்ளே இருக்கும் காயிலுக்குச் சிறு கரண்ட் கொடுத்தால் பெரிய கரண்டை ஆன் செய்யும் சுவிட்ச். 30 என்ற பின்னுக்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக லைன், 87-லிருந்து விளக்குக்கு, 85-ம் 86-ம் காயிலுக்கு. பழைய சுவிட்ச் ஒயர் இனி காயிலை மட்டும் இயக்கினால் போதும், அதற்கு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

வாட்டைக் கூட்டாமலே வெளிச்சம் கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 10 ஆம்பியர் 3 மீட்டர் ஓடினால் ஏறக்குறைய ஒரு வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். ஹாலஜன் பல்புக்கு ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான். என் கட்சி இதுதான்: அதே 60/55 பல்ப், நல்ல ரிலே, தடிமனான ஒயர். எதிரே வருபவரின் கண்ணும் கூசாது. ஒயர் வாங்கும்போது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதா, முழுச் செம்பா என்று பாருங்கள். முலாம் ஒயர் அதே தடிமனில் குறைவான கரண்டைத்தான் தாங்கும்.

"ஒயர் கட்டிங் இல்லை, கப்ளர் டு கப்ளர்" என்று சொல்வதைக் கேட்டு நிம்மதி அடைபவர்கள் உண்டு. ஒயரை வெட்டாமல் இருப்பது நல்லதுதான், கழற்றவும் சுலபம். ஆனால் கப்ளர் வழியாகவே ரிலே இல்லாமல் கூடுதல் சுமையை இழுத்தால், சூடாகப் போவது அதே பழைய ஒயர்தானே?

எர்த் பற்றி யாரும் பேசுவதில்லை. பெயின்ட் மேலேயே ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு எர்த் என்பார்கள். பெயின்டைச் சுரண்டி, வெற்றுத் தகரத்தில் ரிங் டெர்மினல் வைத்து போல்ட்டால் இறுக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சென்சார் இருக்கும் கார்களில் எர்த்தை அந்த முனையில் நேராகக் கொடுக்காமல் பாடியில் கொடுங்கள். இல்லையென்றால் நீங்கள் எடுக்கும் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது.

டேஷ்கேமில் ஆபத்து வேறு மாதிரி. பார்க்கிங் மோடில், அதாவது கார் நிற்கும்போதும் கேமரா ஓடினால், கால் ஆம்பியர்தான் எடுக்கிறது என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-அவர். 45 ஆம்பியர்-அவர் பேட்டரி உள்ள காரை ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட் ஆகாது. வோல்டேஜ் குறைந்தால் தானாக நிறுத்தும் வசதி உள்ள ஹார்டுவயர் கிட்டைத்தான் (கேமராவை கார் ஒயரிங்கோடு நேராக இணைக்கும் ஒயர் செட்) வாங்க வேண்டும். ஒயரை கண்ணாடியின் ஓரத் தூண் வழியாக இறக்கும்போது, அங்கே கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அதன் பின்பக்கமாகத்தான் போக வேண்டும். முன்னால் போட்டால் ஏர்பேக் விரிய ஒயர் தடையாக இருக்கும். மஞ்சள் நிற கப்ளர்கள் பொதுவாக ஏர்பேக்குடையவை, தொடவே தொடாதீர்கள். ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற கேபிளுக்கும் இதே விதி. அதில் ஓடுவது உயிரை எடுக்கும் வோல்டேஜ்.

ஒயரைக் கிள்ளிப் பிடிக்கும் ஸ்னாப் கனெக்டர்கள் எனக்குப் பிடிக்காது. உள்ளே இழைகளை அறுத்துவிடும், ஈரம் புகுந்து பச்சை பூக்கும். அதற்கு ஃப்யூஸ் டேப், அதாவது ஃப்யூஸ் பாக்ஸில் ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் செருகி தனி லைன் எடுக்கும் துண்டு, எவ்வளவோ மேல். புதுக் கார்களில் எந்த ஒயரில் கம்ப்யூட்டர் சிக்னல் போகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. பல்ப் வைத்த பழைய டெஸ்டர் இழுக்கும் கரண்ட் அந்த ஒயருக்கு ஆகாது, அதை விட்டுவிட்டு மல்டிமீட்டரால் பாருங்கள். வேலை தொடங்கும் முன் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும், முடிந்ததும் அதைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

மாட்டி முடித்ததும் எஞ்சினை ஓட விட்டு, புதிதாகப் போட்டது எல்லாவற்றையும் கால் மணி நேரம் ஆன் செய்து வையுங்கள். அப்புறம் ஃப்யூஸ் ஹோல்டர், ரிலே, எர்த் போல்ட் மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் வண்டியை வெளியே எடுக்காமல் அங்கேயே பிரிக்கச் சொல்லுங்கள். எல்லாம் சரி என்றால் எதை மாட்டினீர்கள், ஃப்யூஸ் எங்கே, எத்தனை ஆம்ப் என்று ஒரு தாளில் எழுதி ஃப்யூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து கை வைக்கப் போகும் மெக்கானிக்குக்கு அது உதவும்.