கல்யாணம் யாருடையது?

தன்பாலினத் திருமணம் பற்றி இந்தியாவில் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தேடினால் இரண்டு எண்கள் கிடைக்கும். 2023 ஏப்ரலில், உச்ச நீதிமன்றத்தில் இது பற்றிய வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, வழக்கறிஞர்களின் தலைமை அமைப்பான இந்திய பார் கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது. நாட்டில் 99.9 சதவீதத்துக்கும் மேலானவர்கள் இதை எதிர்க்கிறார்களாம். எந்த ஊரில், எப்போது எண்ணினார்களோ தெரியாது. அதே ஆண்டு அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் கருத்துக் கேட்டபோது 53 சதவீத இந்தியர்கள் சட்டப்படி அனுமதிக்கலாம் என்றார்கள், 43 சதவீதம் பேர் கூடாது என்றார்கள்.

முதல் எண்ணை நான் சீந்தவே இல்லை. ஆனால் இரண்டாவதையும் அப்படியே விழுங்க முடியவில்லை. கேள்வித்தாளோடு வந்தவரிடம் "அவங்க இஷ்டம், பண்ணிக்கட்டும்" என்று சொல்ல என்ன செலவு? அப்படிச் சொன்னவர்களில் எத்தனை பேர், தன் வீட்டுப் பையன் இன்னொரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றால், மண்டபம் பிடித்துப் பத்திரிகை அடிப்பார்கள்? யாரோ ஒருவர் அப்படி இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுவரை நம் ஜனங்கள் ஓரளவு வந்துவிட்டார்கள். கல்யாணம் என்று சொன்னதும் நின்றுவிடுகிறார்கள். ஏன் அந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கேள்வி.

மதம், கலாச்சாரம் என்று எல்லோரும் சொல்வார்கள். நீதிமன்றத்திலும் அதுதான் நடந்தது. முஸ்லிம் அறிஞர்களின் அமைப்பான ஜமியத் உலமா-இ-ஹிந்தும் இந்து சாமியார்களின் அமைப்பான அகில பாரதிய சந்த் சமிதியும் ஒரே பக்கம் நின்றதைப் பார்க்கும் பாக்கியம் நமக்கு வேறு எந்த வழக்கில் கிடைக்கும்! ஆனாலும் மதம் என்பது கேட்டால் சொல்வதற்காக வைத்திருக்கும் பதில் என்றே எனக்குப் படுகிறது. உள்ளே இருப்பது வேறு.

எங்கள் கொங்குப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில் போய் உட்கார்ந்து பாருங்கள். மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ இணைச்சீர் என்ற சடங்கைச் செய்ய வேண்டும், தாய்மாமன் முன்னால் நிற்க வேண்டும், சடங்கு செய்து வைக்கும் ஊர்ப் பெரியவரான அருமைக்காரர் வந்து நடத்தித் தர வேண்டும், பங்காளிகள் ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம், வாசலில் மொய் நோட்டு. அந்த நோட்டில் விழும் ஒவ்வொரு வரியும் பத்து இருபது வருடம் கழித்தாவது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். தோட்டம் யாருக்குப் போகும், எந்த ஊரோடு உறவு தொடரும், யாருக்கு யார் சம்பந்தி, எல்லாமே அன்று முடிவாகிறது. இத்தனைக்கும் நடுவில் கல்யாணம் செய்துகொள்ளும் அந்த இரண்டு பேரிடம் யாராவது எதையாவது கேட்டார்களா என்றால், போட்டோகிராபர் கேட்டிருப்பார், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள் என்று.

இந்த ஏற்பாட்டில் இரண்டு மாப்பிள்ளைகளை எங்கே நிறுத்துவது? பெண் கொடுத்தவர் யார், எடுத்தவர் யார்? யார் வீட்டில் சீர், யார் வீட்டில் மண்டபச் செலவு? சிரிப்பாக இருக்கலாம், ஆனால் நம் பெரியவர்களுக்கு வரும் குழப்பத்தில் பாதி இதுதான். அவர்களைப் பொறுத்தவரை கல்யாணம் என்பது இரண்டு குடும்பங்களும் ஒரு சாதியும் சேர்ந்து செய்துகொள்ளும் ஒப்பந்தம். மணமக்கள் அதில் சாட்சிக் கையெழுத்து மாதிரி. இரண்டு பேர் தாங்களாகவே முடிவு செய்து வந்து நிற்பதுதான் அவர்களுக்கு முதல் குற்றம். இரண்டு பேரும் ஆண்கள், அல்லது இரண்டு பேரும் பெண்கள் என்பது அதற்கு மேலே சேரும் இரண்டாவது குற்றம்.

முதல் குற்றத்துக்கே நாம் இன்னும் மன்னிப்பு வழங்கவில்லை. இந்தியாவில் நடக்கும் கல்யாணங்களில் சாதி மாறி நடப்பவை நூற்றுக்கு ஐந்து என்கிற அளவில்தான் இருக்கின்றன. 2016இல் எங்கள் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சாதி மாறிக் கல்யாணம் செய்த ஜோடியைப் பட்டப்பகலில் வெட்டியதை நாடே கேமராவில் பார்த்தது. 2025 ஜூலையில் திருநெல்வேலியில் சாதி மாறிக் காதலித்த ஒரு மென்பொருள் பொறியாளரை வெட்டிக் கொன்றார்கள். அங்கெல்லாம் ஒரு ஆணும் ஒரு பெண்ணும்தான் இருந்தார்கள். 1954இன் சிறப்புத் திருமணச் சட்டம் அப்படிப்பட்டவர்களுக்காகவே இருக்கிறது, ஆனால் அதிலும் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், ஆட்சேபம் உள்ளவர்கள் வரலாம். அந்த முப்பது நாளில் யார் யார் தேடி வருவார்கள் என்பது ஓடிப்போய்க் கல்யாணம் செய்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். தன்பாலின ஜோடிகள் 2023இல் கேட்டதும் இந்தச் சட்டத்தில் ஓர் இடம்தான்.

சரி, தமிழ்நாடு கல்யாண விஷயத்தில் எதையுமே மாற்றவில்லையா? மாற்றியது. 1928இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தி வைத்தார். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. அப்படிச் செய்துகொண்டவர்களை ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தத் திருமணம் செல்லாது என்றே தீர்ப்புச் சொன்னது. அதாவது அந்தத் தம்பதிகளின் பிள்ளைகளுக்குச் சட்டப்படி அப்பா பெயரும் சொத்தும் கேள்விக்குறி. 1967இல் அண்ணா முதல்வரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மாலை மாற்றினால் போதும், மோதிரம் போட்டால் போதும், தெரிந்தவர்கள் முன்னால் இவரை ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். அதற்கு முன்னால் நடந்தவையும் செல்லும் என்றார்கள். முதல் கல்யாணத்திலிருந்து சட்டம் வர 39 வருடம்!

இன்றைக்கு ஐயர் இல்லாத கல்யாணத்தைப் பார்த்து இங்கே யாரும் மூக்கில் விரல் வைப்பதில்லை. ஆனால் அதே மேடையில் தலைவர் படத்துக்கு முன்னால் மாலை மாற்றிக்கொள்ளும் ஜோடிகளில் பெரும்பாலானவர்கள் ஒரே சாதிதான். சடங்கை விட்டுக் கொடுத்தோம், முடிவெடுக்கும் அதிகாரத்தை விடவில்லை. தன்பாலினத் திருமணம் கேட்பது நாம் விட்டுக்கொடுக்காத அந்த இரண்டாவதைத்தான், அதுவும் ஒப்பந்தத்துக்கு இடமே இல்லாத வடிவத்தில்.

இன்னொரு காரணம், தெரியாமை. தன் தெருவில் அப்படி யாரும் இல்லை என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். இருக்கத்தான் செய்கிறார்கள். சிலர் படிப்பு முடிந்ததும் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று கல்யாணம் செய்து வைத்துவிட்டோம். கலாச்சாரம் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்கள் யாரும் அந்தக் கால்கட்டாகப் போன பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. வருடக்கணக்கில் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு கோவில் கோவிலாகச் சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள். மாமியார் வீட்டில் அவளிடம்தான் "இன்னும் விசேஷம் இல்லையா" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட பையன்கள் நிம்மதியாக வேறு ஒருவனோடு வாழ விடப்பட்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையாவது தப்பித்திருக்குமே. இதில் இரண்டு பேர் வாழ்க்கை போகிறது, ஊருக்கு மட்டும் ஒரு கல்யாணச் சாப்பாடு மிச்சம்.

ஆக, ஒளிந்திருப்பதால் தெரிவதில்லை, தெரியாததால் மாறுவதில்லை, மாறாததால் ஒளிந்திருக்கிறார்கள். இந்தச் சுற்று எங்கேயாவது உடைய வேண்டும். உடைந்த ஓர் இடம் எனக்குத் தெரியும். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்து, பெற்றோர் போலீஸில் புகார் கொடுத்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. அவர், இந்த விஷயத்தில் தனக்கே சரியான புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு 2021 ஜூனில் உத்தரவு எழுதினார். தன்பாலின ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று சொல்லிச் செய்யும் வைத்தியத்துக்கும் தடை விதித்தார். அந்தப் பெண்களோடும் அவர்களின் பெற்றோரோடும் பேசவும் ஏற்பாடு செய்தார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே நேரில் பார்த்துப் பேசித்தான் புரிந்தது என்றால், எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சுக்கு மட்டும் எப்படித் தானாகப் புரியும்?

மத்திய அரசு இது நகரத்து மேல்தட்டுக்காரர்களின் சமாச்சாரம் என்று உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. 1987இல் மத்தியப் பிரதேசத்தில் லீலா, ஊர்மிளா என்று இரண்டு பெண் போலீஸார் கல்யாணம் செய்துகொண்டு வேலையை இழந்தார்கள். கான்ஸ்டபிள் வேலை எப்போது மேல்தட்டானது? 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட வேலூர் மாவட்டத்துப் பெண் ஒருவரைத் தன் தோழியோடு போகலாம் என்று அனுப்பி வைத்தது. கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்றில்லை என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தத் தோழி நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கையெழுத்துப் போட யாரைக் கூப்பிடுவார்கள்?

"முதலில் மக்கள் மனம் மாறட்டும், அப்புறம் சட்டம்" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய. நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் சொல்லும் வரிசை தப்பு. தைவானில் 2018 நவம்பரில் பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள், பெரும்பான்மை தன்பாலினத் திருமணத்தை எதிர்த்தே வாக்களித்தது. ஆனாலும் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்பு சொல்லிவிட்டதால் 2019 மே மாதம் சட்டம் வந்தது. அரசின் கருத்துக்கணிப்பில் 2018இல் 37 சதவீதமாக இருந்த ஆதரவு சில வருடங்களில் 60ஐத் தாண்டியது. மேல் வீட்டில் இரண்டு பேர் குடித்தனம் நடத்துகிறார்கள், குப்பை வண்டிக்குப் பக்கெட்டோடு ஓடுகிறார்கள், வானம் இடிந்து விழவில்லை. பார்த்தார்கள், பழகிவிட்டார்கள்.

இங்கே உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் அடிப்படை உரிமை இல்லை, இது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஐந்து நீதிபதிகளும் சொல்லி அனுப்பிவிட்டது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி. இடையில் 2024இல் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை, ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகச் சேரலாம் என்று டெல்லியிலிருந்து சில சுற்றறிக்கைகள் வந்தன. ஒன்றுமில்லாததற்கு இது பரவாயில்லை. ரேஷன் கடை க்யூவில் ஒரே கார்டோடு இரண்டு பெண்கள் நின்றால் அதுவும் ஒருவகையில் பத்திரிகை அடித்த மாதிரிதான்.

திருமணச் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது, அதாவது மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே அதில் சட்டம் போடலாம். 1967இல் ஒரு மாநில அரசு அதைத் தொட்டுத் திருத்தியது, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வந்தது. அந்த 7ஏ பிரிவைத் தங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எந்தக் கட்சியும் இதைத் தேர்தல் மேடையில் பேசி நான் கேட்டதில்லை. ஓட்டு போய்விடும் என்ற பயம். நியாயமான பயம்தான், ஆனால் 1967லும் அந்தப் பயம் இருந்திருக்கும்.

"உன் பையன் வந்து சொன்னா என்னடா பண்ணுவ" என்று கீழே கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பயப்படுவேன். அவன் பி.எஃப். பணம் அவனோடு வாழ்ந்தவனுக்குப் போய்ச் சேருமா, அவசரத்துக்கு ஆஸ்பத்திரியில் அந்தத் துணையின் கையெழுத்துச் செல்லுமா, எங்கள் காலத்துக்குப் பிறகு வீட்டுப் பங்கில் அவர்களைப் பங்காளிகள் நிம்மதியாக இருக்க விடுவார்களா என்றெல்லாம் பயப்படுவேன். சொந்தக்காரர்களின் வாய்க்கும் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்னால் சொன்ன மூன்றுக்கும் ஒரு சட்டம் போதும். அது வரட்டும், சொந்தக்காரர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.